கதை பாதியில் வெட்டுப்படாமல் இருக்க: நீளமான தமிழ் எழுத்துக்கு டேட்டாபேஸில் எந்த வகை நெடுவரிசை?

ஒரு சிறுகதைத் தளத்துக்கு டேபிள் போட்டுக் கொடுத்து எட்டு மாதம் கழித்து, அதில் எழுதுகிற அம்மா ஒருவர் போன் செய்தார். "தம்பி, என் கதையோட கடைசிப் பக்கத்தைக் காணோமே, நீங்க ஏதாவது எடிட் பண்ணீங்களா?" யாரும் எடிட் செய்யவில்லை. திறந்து பார்த்தால் கதை "கதவைத் திறந்தான" என்று நின்றிருந்தது, கடைசி எழுத்துக்குப் புள்ளிகூட இல்லை. தேடத் தேட இன்னும் பத்துக் கதைகள் அதே மாதிரி வாலில்லாமல் கிடந்தன. எட்டு மாதத்தில் பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சைப் பட்டையில் காட்டிக்கொண்டே தளம் கதைகளை வெட்டிப் போட்டிருக்கிறது.

காரணம், உடல் பகுதிக்கு, அதாவது கதையின் முழு எழுத்துக்கு, நான் கொடுத்திருந்த நெடுவரிசை (காலம்) வகை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. முதல் டேபிள் போடும்போதே பதினைந்து நிமிடம் யோசித்திருந்தால் அந்த மூன்று வாரம் தேவைப்பட்டிருக்காது. நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அந்தப் பதினைந்து நிமிடத்தை இங்கே செலவழியுங்கள்.

1. முதலில் கையில் எடுத்துவைக்க வேண்டியவை

எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்பதை எழுதி வையுங்கள். 'மைஎஸ்கியூஎல்' என்று மட்டும் தெரிந்தால் போதாது, 5.6-க்கும் 8.0-க்கும் நடத்தை வேறு. அது மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி ஆகவும் இருக்கலாம், வாடகை சர்வர்களில் பெயர் ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றுமாக அடிக்கடி இருக்கும். டேபிள் ஏற்கெனவே இருந்தால் 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளை கொடுத்து வருவதை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள், எட்டாவது படியில் இது தேவைப்படும்.

அப்புறம், நீங்கள் சேமிக்கப் போகிற எழுத்திலேயே மிக நீளமான மூன்று மாதிரிகளை வாங்குங்கள். நிஜமானவை வேண்டும். நான் அன்று சோதித்தது இணையத்தில் கிடைக்கும் லத்தீன் நிரப்பு வாசகத்தை வைத்து. ஐம்பதாயிரம் எழுத்து ஒட்டிப் பார்த்தேன், முழுதாகப் போய் உட்கார்ந்தது, அதோடு திருப்தி அடைந்துவிட்டேன். தமிழில் அதே ஐம்பதாயிரம் குறி போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2. எழுத்தை எண்ணாதீர்கள், பைட்டை எண்ணுங்கள்

எழுத்துகளைப் பைட்டாக மாற்றிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்து 1 பைட். தமிழில் நாம் வழக்கமாக எழுதும் ஒவ்வொரு குறியும் 3 பைட். குறி என்று நான் சொல்வது நாம் பள்ளியில் படித்த 'எழுத்து' இல்லை. க, த போன்ற அகர எழுத்து, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. டேட்டாபேஸுக்கு அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறி, 15 பைட். க்ஷ ஒரே எழுத்தாகத் தெரியும், 9 பைட். ஸ்ரீ 12 பைட். இதற்குமேல், 'கொ' போன்ற எழுத்தை சில பழைய மாற்றிகள் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து எழுதிவிடுகின்றன. திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் 6 பைட்டுக்குப் பதில் 9 பைட். சேமிப்பதற்கு முன் யூனிகோடு என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்குச் சீராக்கிவிடுங்கள், பின்னால் தேடலுக்கும் இது உதவும்.

இப்போது மைஎஸ்கியூஎல்லின் 'டெக்ஸ்ட்' வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொள்ளும் என்று தோன்றும். அதன் எல்லை 65,535 பைட். மூன்றால் வகுத்தால் 21,845 குறி. நான் எங்கள் கதைகளில் எண்ணிப் பார்த்தபோது அது சுமார் 2,400 சொல்லுக்கு வந்து நின்றது. எடிட்டர் கருவி நடுவில் செருகுகிற எச்டிஎம்எல் குறிச்சொற்களையும் சேர்த்தால் இன்னும் குறையும், வேர்டிலிருந்து நேராக ஒட்டிய கதைகளில் பாதி இடத்தை ஸ்டைல் குப்பையே தின்றிருந்தது. ஆக, கொஞ்சம் நீண்ட சிறுகதை ஒன்று இந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் 'டெக்ஸ்ட் போதும்' என்று சொல்வது அவர்களுக்குச் சரிதான், நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது.

அளக்கும்போது ஒரு பொறி உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 'லெங்த்' என்பது பைட்டைச் சொல்லும், 'சார் லெங்த்' குறியைச் சொல்லும். போஸ்ட்கிரெஸில் 'லெங்த்' குறியைச் சொல்லும், பைட்டுக்கு 'ஆக்டெட் லெங்த்'. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் அதே கட்டளையை ஓட்டிவிட்டு எண் மூன்று மடங்கு மாறியிருப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

3. வகையைத் தேர்ந்தெடுப்பது

மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் நான்கு அளவுகள்: டைனிடெக்ஸ்ட் 255 பைட், டெக்ஸ்ட் 65,535, மீடியம்டெக்ஸ்ட் 1,67,77,215, லாங்டெக்ஸ்ட் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. கதை, கட்டுரை, தொடர் அத்தியாயம், பேட்டி எதுவானாலும் மீடியம்டெக்ஸ்ட் வையுங்கள். ஐம்பத்தைந்து லட்சம் தமிழ்க் குறிக்குமேல் அதில் கொள்ளும்.

செலவு கூடுமே என்று தயங்க வேண்டாம். இந்த வகைகள் எல்லாம் உள்ளே இருக்கிற எழுத்தின் அளவுக்குத்தான் இடம் எடுக்கும், அதோடு நீளத்தைக் குறித்துவைக்கச் சில பைட். டெக்ஸ்டுக்கு 2, மீடியம்டெக்ஸ்டுக்கு 3, லாங்டெக்ஸ்டுக்கு 4. ஒரு லட்சம் கதை வைத்தாலும் டெக்ஸ்டுக்கும் மீடியம்டெக்ஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சம் பைட், அதாவது கைப்பேசியில் எடுத்த ஒரு சின்னப் படத்தைவிடக் குறைவு. அந்த ஒரு பைட்டை மிச்சம் பிடித்துத்தான் நான் பதினோரு கதையின் முடிவை இழந்தேன்.

லாங்டெக்ஸ்ட் தவறில்லை. வேர்ட்பிரஸ் தன் பதிவுகளின் உள்ளடக்கத்தை அதில்தான் வைக்கிறது, ஜாங்கோவின் 'டெக்ஸ்ட்ஃபீல்டு'ம் மைஎஸ்கியூஎல்லில் லாங்டெக்ஸ்டாகவே உருவாகிறது. லாரவெல்லில் அப்படி இல்லை, அங்கே 'டெக்ஸ்ட்' என்று எழுதினால் அந்த 65,535-தான் வரும், 'மீடியம்டெக்ஸ்ட்' என்று நீங்களே கேட்டு வாங்க வேண்டும். ஃபிரேம்வொர்க் எதுவானாலும், மைக்ரேஷன் (டேபிளை உருவாக்கும் நிரல்) ஓடி முடிந்ததும் டேபிள் நிஜத்தில் எப்படி உருவாகியிருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் மீடியம்டெக்ஸ்டைச் சொல்வதற்குக் காரணம், யாராவது தவறுதலாகப் பெரிய படத்தை எழுத்தாக மாற்றி உள்ளே ஒட்டினால் 16 எம்பியில் ஒரு தடுப்பு இருக்கும் என்பதுதான்.

போஸ்ட்கிரெஸ் என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அங்கே 'டெக்ஸ்ட்' ஒரே வகை, 1 ஜிபி வரை கொள்ளும், உச்ச நீளம் குறித்துத் தருகிற வார்சார் வகைக்கும் அதற்கும் வேகத்தில் வித்தியாசம் கிடையாது. வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டினால் நீளமான மதிப்பைத் தானாகவே சுருக்கி, தேவைப்பட்டால் தனி இடத்துக்குத் தள்ளிவிடும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டோஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு டெக்ஸ்ட் போடலாம்.

எஸ்கியூஎல் சர்வரில் 'என்வார்சார் மேக்ஸ்'. முன்னால் உள்ள அந்த 'என்' முக்கியம், வெறும் வார்சாரில் தமிழைப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே கிடைக்கும், திரும்ப எடுக்க வழியில்லை. 2019 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் விதி) வந்திருக்கிறது, அதை நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் வார்சார் பரவாயில்லை. கையால் இன்சர்ட் எழுதினால் மேற்கோளுக்கு முன்னாலும் 'என்' போட மறக்காதீர்கள். பழைய 'டெக்ஸ்ட்', 'என்டெக்ஸ்ட்' வகைகள் கைவிடப்படுபவை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டது, புது டேபிளில் வேண்டாம்.

ஆரக்கிளில் 'சிலாப்'. அங்கே வார்சார்2 இயல்பாக 4,000 பைட்தான், தமிழுக்கு 1,333 குறி, ஒரு முகநூல் பதிவுக்குக்கூடக் காணாது. '4000 சார்' என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள், அப்போதும் உள்ளே 4,000 பைட் எல்லைதான் ஆளும்.

எஸ்கியூலைட்டில் டெக்ஸ்ட் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

4. வார்சாரை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது

தலைப்பு, ஆசிரியர் பெயர், குறிச்சொல் இவற்றுக்கு வார்சார் 255 போதும். மைஎஸ்கியூஎல்லில் அந்த 255 என்பது குறிகளின் எண்ணிக்கை, அதனால் தமிழிலும் தாராளம்.

உடல் பகுதிக்கு 'வார்சார் 20000' என்று போடப் பார்த்தால் சிக்கல். ஒரு வரிசையில் உள்ள எல்லா நெடுவரிசைகளுக்கும் சேர்த்து 65,535 பைட் என்பது வரம்பு. மைஎஸ்கியூஎல்லின் முழு யுடிஎஃப்-8 ஆன யுடிஎஃப்8 எம்பி4-ல் ஒரு குறிக்கு 4 பைட் என்று கணக்கிடுவதால் ஒற்றை வார்சாருக்கே 16,383-க்குமேல் போக முடியாது. சுருக்கத்துக்கு 10,000, உடலுக்கு 10,000 என்று இரண்டு வைத்தாலே 'வரிசை அளவு மிகப் பெரிது' என்ற 1118-ஆம் எண் பிழை வரும். டெக்ஸ்ட் குடும்பம் இந்தக் கணக்கில் 9 முதல் 12 பைட்தான் எடுக்கும், மீதி வெளியே இருக்கும்.

தனியாகச் சொல்ல வேண்டிய இடம் முகவரித் துண்டு, அதாவது ஸ்லக். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கினால் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு சேர்ந்து ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸில் அந்த நெடுவரிசை 200 எழுத்து. வகுத்துப் பாருங்கள், 22 குறி. நீளமான தமிழ்த் தலைப்புள்ள பதிவுகளின் முகவரி நடுவில் அறுந்து நிற்பது இதனால்தான். ஸ்லக்கைச் சுருக்கமாக நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் கேரக்டர் செட், அதாவது எழுத்துகளை எந்த முறையில் பைட்டாக்குவது என்ற அமைப்பு. மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று நெடுநாளாக இருந்தது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் 3 பைட்டில் அடங்குவதால் சோதனையில் எல்லாம் நன்றாக இருக்கும். ஒருநாள் யாராவது கதை நடுவில் ஒரு எமோஜி போடுவார்கள், அது 4 பைட், கண்டிப்பு முறை (அடுத்த படியில் சொல்கிறேன்) இல்லாத சர்வரில் அந்த எமோஜியோடு கதை நின்றுவிடும். எமோஜி மட்டுமில்லை, முந்திரி, மாகாணி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்தன, அவையும் 4 பைட்தான். கல்வெட்டு, ஓலைச்சுவடி வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எப்போதும் யுடிஎஃப்8 எம்பி4.

5. வெட்டாமல் மறுக்கச் சொல்லுங்கள்

எனக்கு நேர்ந்ததில் மிகப் பெரிய கேடு எல்லை சிறியதாக இருந்தது இல்லை, எல்லை தாண்டியது தெரியாமல் போனதுதான். மைஎஸ்கியூஎல்லில் கண்டிப்பு முறை என்று ஒன்று உண்டு. அது இருந்தால், கொள்ளாத எழுத்து வரும்போது 1406-ஆம் பிழையைச் சொல்லிச் சேமிக்க மறுத்துவிடும். இல்லாவிட்டால் கொள்கிற அளவை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதும். 5.7-லிருந்து இந்த முறை இயல்பாகவே இயங்குகிறது. ஆனால் பழைய மென்பொருள்கள் ஓட வேண்டும் என்று பல வாடகை சர்வர்களில் அணைத்து வைத்திருப்பார்கள், நாங்கள் எடுத்திருந்ததிலும் அப்படித்தான். 'எஸ்கியூஎல் மோட்' என்ற மாறியைக் கேட்டுப் பாருங்கள், அதில் 'ஸ்ட்ரிக்ட் டிரான்ஸ் டேபிள்ஸ்' இல்லையென்றால், சர்வரை உங்களால் மாற்ற முடியாவிட்டாலும், உங்கள் நிரல் இணைப்பைத் திறக்கும்போதே அந்த இணைப்புக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். செலவு ஒரு வரி நிரல்.

6. இண்டெக்ஸ், டீஃபால்ட், பட்டியல் பக்கம்

நீளமான எழுத்து நெடுவரிசைக்கு முழு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகரவரிசை) போட முடியாது. மைஎஸ்கியூஎல் எத்தனை குறி வரை என்று கேட்கும், அதன் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் இன்றைய வரிசை வடிவத்தில் 3,072 பைட், அதாவது யுடிஎஃப்8 எம்பி4-ல் 768 குறி உச்சம். போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸை உருவாக்க விட்டுவிடும், பிறகு என்றோ ஒருநாள் நீளமான கதை உள்ளே வரும்போது 2,704 பைட்டைத் தாண்டிவிட்டது என்று சேமிப்பையே மறுக்கும், இது இன்னும் மோசம். ஒரே கதை இருமுறை ஏறக்கூடாது என்பதற்காக இண்டெக்ஸ் போடுகிறீர்கள் என்றால், கதையின் ஹேஷை (எழுத்திலிருந்து கணக்கிடும் குட்டி அடையாளம்) தனி நெடுவரிசையில் வைத்து, அதே மதிப்பு மறுபடி வராதபடி அதற்கு யுனிக் போடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் டெக்ஸ்ட் வகைக்கு வெறும் டீஃபால்ட் மதிப்பு தர முடியாது. 8.0.13 முதல் அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஏற்கும்.

வேகம் குறைவதற்கு வகையைக் குறை சொல்பவர்கள் அதிகம். பெரும்பாலும் குற்றவாளி, பட்டியல் பக்கத்துக்கு எல்லா நெடுவரிசையையும் அள்ளுகிற 'செலக்ட் நட்சத்திரம்'. ஐம்பது கதைத் தலைப்பைக் காட்ட ஐம்பது கதையையும் முழுதாக இழுத்து வருவீர்கள். கதை ஒன்றுக்கு 60 கேபி என்றால் பக்கத்துக்கு 3 எம்பி. தேவையான நெடுவரிசைகளின் பெயரை எழுதிக் கேளுங்கள். சுருக்கத்தைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். முழு நாவலை ஒரே வரிசையில் திணிக்காதீர்கள், அத்தியாயத்துக்கு ஒரு வரிசை, திருத்துவதும் படிப்பதும் அப்போதுதான் லேசாக இருக்கும்.

7. டேட்டாபேஸுக்கு வரும் வழியில் உள்ள வாசல்கள்

நெடுவரிசையைப் பெரிதாக்கிய பிறகும் சேமிக்கவில்லை என்றால் வழியைப் பாருங்கள். என்ஜினிக்ஸ் என்ற வெப் சர்வர் இயல்பாக 1 எம்பிக்குமேல் உள்ள கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடும். பிஎச்பியின் போஸ்ட் எல்லை இயல்பாக 8 எம்பி. மைஎஸ்கியூஎல் சர்வரின் பாக்கெட் எல்லை (ஒரே கட்டளையில் ஏற்கும் உச்ச அளவு) 5.7-இல் 4 எம்பி, 8.0-இல் 64 எம்பி. படிவத்தில் உச்ச நீளம் குறித்திருந்தால் அது பைட்டை எண்ணாது, டேட்டாபேஸ் எல்லைக்குக் காவலாக அதை நம்பக் கூடாது. கடைசியாக, அத்தியாயங்களை ஒட்டி எடுக்க 'குரூப் கன்கேட்' பயன்படுத்தினால் அது இயல்பாக 1,024 பைட்டில் நறுக்கிவிடும், சேமித்தது சரியாக இருக்கும்போதே காட்டுவது வெட்டுப்பட்டிருக்கும். நான் இரண்டு நாள் இதில் போக்கினேன்.

8. ஓடிக்கொண்டிருக்கும் டேபிளை மாற்றுவது: நேரமும் இடமும்

டெக்ஸ்டை மீடியம்டெக்ஸ்டாக மாற்றுவது மைஎஸ்கியூஎல்லில் முழு டேபிளையும் புதிதாக நகலெடுக்கிற வேலை. அது முடியும்வரை படிக்கலாம், எழுத முடியாது. வட்டில் டேபிளின் அளவுக்கு இன்னொரு பங்கு காலியிடம் வேண்டும். பத்தாயிரம் கதை, ஒவ்வொன்றும் 60 கேபி என்றால் 600 எம்பி, அப்படியானால் குறைந்தது 1 ஜிபியாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைத் திட்டத்தில் வட்டு நிரம்பி நடுவில் நின்றால் இரவு முழுவதும் போய்விடும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஊகிக்காதீர்கள். பேக்கப் எடுங்கள், அதை வேறொரு கணினியில் ஏற்றுங்கள், அங்கே மாற்றத்தை ஓட்டி நேரம் பாருங்கள். பேக்கப் நிஜமாகவே திறக்கிறதா என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். எங்கள் டேபிளுக்கு அங்கே நான்கு நிமிடம் ஆனது, சர்வரில் பதினொன்று. எழுத்தாளர்கள் அதிகம் பதிவேற்றாத நேரமாகப் பார்த்து, முன்கூட்டியே அறிவிப்புப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இங்கே ஒரு பொறி. 'மாடிஃபை' கட்டளையில் புது வகையை மட்டும் எழுதினால் பழைய 'நாட் நல்', குறிப்பு, கொலேஷன் எல்லாம் உதிர்ந்துவிடும். முதல் படியில் சேமித்த டேபிள் வரையறையைத் திறந்து, அந்த நெடுவரிசையின் வரியை முழுதாகப் பிரதியெடுத்து, வகையை மட்டும் மாற்றிக் கட்டளையில் ஒட்டுங்கள்.

9. ஏற்கெனவே வெட்டுப்பட்டதைக் கண்டுபிடிப்பது

நெடுவரிசையைப் பெரிதாக்கினால் போனது திரும்பாது. ஆனால் போனது எது என்று தெரிந்துகொள்ளலாம். வெட்டு எப்போதும் ஒரு குறியின் விளிம்பில்தான் விழும், அதனால் வெட்டுப்பட்ட கதைகளின் நீளம் 65,535-ஐ ஒட்டியே இருக்கும். பைட் நீளம் 65,530-க்குமேல் உள்ளவற்றை எடுங்கள், வந்த ஒவ்வொன்றின் வாலையும் கண்ணால் படியுங்கள். புள்ளி இல்லாமல் நிற்கிற மெய், மூடாத எச்டிஎம்எல் குறிச்சொல் இரண்டும் நிச்சய அடையாளம். இதை மாற்றத்துக்கு முன்பே செய்து பட்டியலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு அதே நீளத்துக்கு நிஜமான கதைகளும் வந்து கலந்துவிடும்.

பழைய பேக்கப்பில் தேடி நேரம் வீணாக்க வேண்டாம், வெட்டு சேமித்த கணத்திலேயே நடந்துவிட்டதால் எல்லாப் பேக்கப்பிலும் அதே அரைக்கதைதான் இருக்கும். எழுதியவர்களிடம் உடனே கேளுங்கள், நாள் ஆக ஆக அவர்களும் கோப்பை அழித்துவிடுவார்கள். எங்களுக்குப் பதினொன்றில் ஒன்பது கதைகள் எழுத்தாளர்களின் மின்னஞ்சலிலிருந்தும் கணினியிலிருந்தும் நோட்டிலிருந்தும் கிடைத்தன. முதலில் போன் செய்த அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்தார், கடைசி மூன்று பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார், நான் தட்டச்சு செய்து ஏற்றினேன். மீதி இரண்டு தளத்திலேயே நேரடியாகத் தட்டப்பட்டவை, பிரதி எங்கும் இல்லை. அந்த இரண்டு பக்கங்களின் அடியிலும், தவறு எங்களுடையது, முடிவை மறுபடி எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று குறிப்பு போட்டிருக்கிறேன். ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.